இரும்புப் பிரிமனை

சூடான சட்டியை அப்படியே மேஜை மேல் இறக்கினால் மைக்கா உப்பிக்கொள்ளும். அதனால் என் வீட்டில் எப்போதும் பிரிமனை வைத்துக்கொள்வேன். சட்டிக்கு அடியில் வைக்கிற வளையம்தான், மேடம். கடையில் இப்போது கிடைப்பது பிளாஸ்டிக். இரண்டு நாளில் கோணிக்கொள்ளும். இரும்பு கோணாது. உங்கள் மேஜையில் வரிசையாக வைத்திருக்கிறீர்களே, அதில் உயரமானது மீன் குழம்புச் சட்டிக்கு. குட்டையானது பால் பாத்திரத்துக்கு. ஒன்று மட்டும் ஒரு பக்கம் சாய்வாக இருக்கும். முதலில் அறுத்தது அது. அப்போது எனக்குக் கை பழகவில்லை.

ஆமாம், நான் அறுத்தவைதான். இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வேன் என்று நீங்கள் நினைக்கவில்லை போலிருக்கிறது. அந்தப் பெண் கான்ஸ்டபிள் இன்னும் பேனாவையே திறக்கவில்லை. திறக்கட்டும், நான் காத்திருக்கிறேன். கன்னடம் எனக்கு நன்றாகவே வரும், ஆனால் இதைச் சொல்ல எனக்குத் தமிழ்தான் வேண்டும். நீங்கள் தமிழ் பேசுவது நல்லதாகப் போயிற்று.

என் பெயர் டோரதி. லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் இப்போது சொல்வார்கள். முன்பு சொல்ல மாட்டார்கள். எட்டாவதோடு என் படிப்பை நிறுத்தி, வயது வந்ததும் ஆம்ப்ரோஸுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஆம்ப்ரோஸ் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். எங்கள் வீட்டில் பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாமே அவர் பங்கு. நான் ஆம்ப்ரோஸ் வீட்டம்மா. அவர் இறந்த பிறகு, செத்துப்போன ஆம்ப்ரோஸ் வீட்டம்மா. பிள்ளைகள் இல்லை. எங்கள் மாதா கோயிலில் பூசையின்போது ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கை கூப்புவார்கள் அல்லவா, அப்போது பக்கத்தில் நிற்பவர்கள் என்னைத் தாண்டி அந்தப் பக்கம் நிற்பவரைப் பார்த்துக் கூப்புவார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பின்னால் வருவதற்கு இது வேண்டும்.

எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு கிணறு இருந்தது. மாமனார் காலத்தில் வெட்டியது. சுற்றிலும் கருங்கல் கட்டு, அடியில் பாறை. அக்கம்பக்கத்தில் வீட்டுக்கு ஒரு போர் போட்டதும் அது வற்றிவிட்டது. வற்றிய கிணற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இடித்த வீட்டுக் கல்லையும் மண்ணையும் எங்கே கொட்டலாம் என்று லாரிக்காரர்கள் இந்த ஊரில் இடம் தேடி அலைகிறார்கள். ஆம்ப்ரோஸ் கூப்பிட்டு இங்கே கொட்டச் சொன்னார். செங்கல், சுண்ணாம்புக் கட்டி, உடைந்த கக்கூஸ் பீங்கான், கறையான் அரித்த கதவு எல்லாம் உள்ளே போயின.

எதிர்வீட்டு மங்களம் அப்போதுதான் ஓடி வந்தாள். கிணற்றை மூடினால் அது மூச்சு விட ஒரு குழாய் விட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். சில வீட்டு வாசலில் ஒரு காரணமும் தெரியாமல் தரையிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அதற்குக் குங்குமம் வைத்திருப்பார்கள்.

"கங்கம்மா உள்ள இருக்கா அண்ணா," என்றாள் மங்களம். "மூச்சு முட்டினா சும்மா இருக்க மாட்டா."

"சரி மங்களம், உங்க கங்கம்மாவுக்கு நல்ல கேசிங் பைப்பே போட்டுடறேன்," என்றார் ஆம்ப்ரோஸ். "ஆனா ஞாயித்துக்கிழமை அவங்க பூசைக்கு வந்துடணும், சொல்லிடு."

கேலிதான், ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவருக்குக் கேலி கிடையாது. போர் போடும்போது மண் சரியாமல் இறக்குவார்களே, அந்த மாதிரி கனமான இரும்புக் குழாயை, ஒன்றோடொன்று வெல்டிங் வைத்து, அடிப்பாறை வரைக்கும் இறக்கி நிமிர்த்தி நிறுத்தினார். அதைச் சுற்றித்தான் மீதிக் குப்பையைக் கொட்டினார்கள். ஆகவே, மேடம், குழாய் பாறை மேல் நின்றது. சுற்றியிருந்த குப்பை எதன் மேலும் நிற்கவில்லை, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் புரியும். எனக்கு முதலிலிருந்தே புரிந்திருந்தது என்று எழுதிக்கொள்ள வேண்டாம். அந்த இடத்துக்கு நானே வருகிறேன்.

ஆம்ப்ரோஸ் போன பிறகு, தனியாக இருக்கிறேனே, பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் இருக்கட்டும் என்று அந்த இடத்தில் ஓர் அவுட்ஹவுஸ் கட்டினேன். ஒரே அறை, மேலே ஷீட். என் வீட்டுப் பின்னறைச் சுவரோடு ஒட்டினாற்போல. அது கொட்டி நிரப்பிய இடம் என்பதால் அஸ்திவாரம் ஆழமாகப் போக வேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். சின்ன அறைக்கு எதற்கு என்றேன். குழாய் அறையின் மூலையில் வந்தது. அதைத் தரையோடு தரையாக அறுக்கச் சொல்லி, மேலே ஒரு டைல்ஸ் ஒட்டி, அதன் மேல் கட்டிலைப் போட்டுவிட்டேன். குழாய் எங்கே போயிற்று என்று மங்களம் கேட்டாள். வளைத்துச் சுவர் வழியாக மேலே விட்டிருக்கிறேன் என்று சொன்னேன். அவள் ஷீட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். பிறகு அந்த அறைக்குப் பக்கத்திலேயே நானும் ஒரு போர் போட்டேன். ஆழத்தில் நல்ல தண்ணீர் விழுந்தது.

பிரபா அந்த அறைக்கு மூன்றாவதாக வந்த பெண். ஆரணிக்காரி. ராத்திரியெல்லாம் போனில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. சாயங்காலம் ஆபீஸ் கேப் வந்து அழைத்துப்போகும், காலையில் கொண்டுவந்து விடும். அதன் பிறகு மத்தியானம் வரை தூங்குவாள். நல்ல பெண். இதை நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். கேப்பில் வரும்போது வழியில் எனக்கென்று சூடாக இரண்டு பன் வாங்கி வருவாள். எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்ததும் பன்னை நிறுத்திவிட்டுக் கொய்யாக்காய் வாங்க ஆரம்பித்தாள்.

அடுத்து அந்தக் கோடை. உங்களுக்கு நான் அதை விவரிக்க வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீர் நின்றுவிட்டது, ஒவ்வொரு வீட்டு போராக வற்றியது, டேங்கர்காரன் போனையே எடுக்கவில்லை. படித்தவர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். எங்கள் சந்தில் இருப்பவர்களுக்கு அப்படிப் போக ஊர் இல்லை. ஒரு காலையில் மங்களம் காலிக் குடத்தோடு என் கேட்டுக்கு வெளியே நின்றாள். என் போரில் அப்போதும் தண்ணீர் இருந்தது. நான் ஒரு ஹோஸ் பைப்பை இழுத்து, அவுட்ஹவுஸ் சுவர் ஓரமாகக் கொண்டுபோய், கேட்டுக்கு வெளியே விட்டேன். அடுத்த நாள் சந்து முழுக்க வந்தது.

காசு வாங்கவில்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒருவரிடமும் வாங்கவில்லை.

அந்த வரிசையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மஞ்சள் குடம், பச்சைக் குடம், பெயிண்ட் டப்பா, குழந்தையைக் குளிப்பாட்டும் டப். நான் மோட்டர் ஸ்விட்சுக்குப் பக்கத்தில், கேட் தெரிகிற மாதிரி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். நான் தலையாட்டினால் அடுத்த குடம். என்னிடம் பேசியே இராதவர்கள் டோரதியக்கா, டோரதி ஆன்ட்டி என்றார்கள். முன்பு என்னைத் தாண்டிக் கும்பிட்ட அதே கைகள். ஞாயிற்றுக்கிழமை சாமியார் பிரசங்கத்தில், நம் பங்கில் ஒரு சகோதரி தாகத்துக்குத் தண்ணீர் தருகிறார் என்று சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் எல்லாரும் திரும்பி முடிக்கும் வரை மெதுவாகத்தான் குனிந்தேன்.

"நீ இல்லேன்னா இந்த சந்துக்கே நாக்கு வறண்டிருக்கும்க்கா," என்று மங்களம் சொன்னாள். அவள் சொன்ன இந்த வார்த்தையையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளே வந்து உங்களிடம் வேறு எதையோ சொல்லியிருக்கிறாள் அல்லவா, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்த ஸ்டேஷனிலிருந்தும் கேன் வந்தது, மேடம். பச்சை மூடி போட்டது. உங்களுக்கு அப்போது இங்கே போஸ்டிங் இல்லை, சரி. ஆனால் உங்களுக்கு டீ கொண்டுவந்தாரே அந்த ஏட்டு, அவரைக் கேளுங்கள்.

மோட்டர் நாள் பூராவும் ஓடிய அந்த நாட்களில்தான் பிரபா ஒரு மத்தியானம் நொண்டிக்கொண்டே வந்தாள். சிரித்தாள்.

"ஆன்ட்டி, உங்க வீட்டுத் தரையில என்னமோ முளைக்குது. எழுந்திரிக்கறப்ப கால இடிச்சுக்கிட்டேன்."

போய்ப் பார்த்தேன். டைல்ஸ் பெயர்ந்து ஒரு பக்கம் கிடந்தது. குழாய் தரைக்கு மேலே ஒரு கட்டை விரல் உயரம் வந்திருந்தது. நான் அதன் வாயில் உள்ளங்கையை வைத்தேன். வெளியே மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் என் கையை மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டது. கையை எடுத்தபோது ஊதுவதுபோல ஒரு சத்தம் வந்தது. எனக்குப் பயமாக இல்லை. சொல்லப்போனால் இதமாக இருந்தது.

குழாய் எழும்புகிறது என்று நினைத்தேன். போரின் அழுத்தத்தில் கிணறு அதைத் தள்ளுகிறது போலிருக்கிறது, தன்னால் அடங்கிவிடும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் பிரபாவின் கேப் போனதும் ஆம்ப்ரோஸின் ஆக்சா பிளேடை எடுத்துக்கொண்டு போய், தரையில் ஒருக்களித்துப் படுத்து, அறுத்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. அறுத்த வளையத்தைக் கழுவி, ஓரத்தை அரத்தால் ராவி, அடுப்படியில் வைத்தேன். டைல்ஸைத் திரும்ப ஒட்டினேன். இரும்பு வாசனை வருகிறதே என்று பிரபா காலையில் கேட்டாள். மழை வந்தால் போய்விடும் என்று சொன்னேன். மழை வரவில்லை.

குழாய் மறுபடி வந்தது. மறுபடி அறுத்தேன். கை பழகிவிட்டது. ஒரு வளையத்தை மங்களத்துக்குக் கொடுத்தேன், அவள் அதன் மேல் செம்பை வைத்தாள். இன்னொன்றைப் பிரபாவுக்குக் கொடுத்தேன், அவளுடைய ரைஸ் குக்கருக்கு. ரொம்ப நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். அவள் காலடியில்தான் வாங்கினேன் என்று சொல்ல முடியுமா? வீட்டில் கிடந்தது என்று சொன்னேன். அது பொய் இல்லை.

நீங்கள் கூட்டிவந்த அந்த இன்ஜினியர் குழி ஓரத்தில் நின்று உங்களுக்கு விளக்கியபோது நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை, மண்ணைத் தாங்குவதே அதுதான் என்றார். தண்ணீரை உறிஞ்சி எடுத்தால் மண் தன் மேல் தானே உட்காருகிறது. டப்பாவில் பொரியைத் தலைதட்டக் கொட்டி வைத்துவிட்டு மறுநாள் திறந்தால் குறைந்திருக்குமே, அது மாதிரி. போதாததற்கு ஹோஸ் பைப்பில் வழிந்த தண்ணீரெல்லாம் சுவர் ஓரமாக இறங்கி, குப்பைக்கு நடுவில் இருந்த பொடி மண்ணை அரித்துக் கீழே கொண்டுபோயிருக்கிறது. கீழே உறிஞ்சியதும் நான், மேலே ஊற்றியதும் நான். ஏரியைத் தூர்த்து வீடு கட்டினால், கிணற்றைத் தூர்த்து வீடு கட்டினால், நாலாபக்கமும் போர் போட்டு இழுத்தால், நகரம் இப்படித்தான் அங்கங்கே உட்காரும் என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

அப்படியானால் என்னை மட்டும் எதற்கு இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறீர்கள்? இந்த ஊரில் எத்தனை கிணற்றின் மேல் எத்தனை கட்டில்கள் கிடக்கின்றன, மேடம்? அத்தனை வீட்டுக்காரர்களையும் கூப்பிடுங்கள். லாரிக்காரர்களைக் கூப்பிடுங்கள். போருக்கு அனுமதி கொடுத்தவர்களையும் கொடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டவர்களையும் கூப்பிடுங்கள். இந்த ஸ்டேஷன் எதன் மேல் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. நாற்காலியை உதறிவிட்டு எழுந்து ஓடவில்லையே நீங்கள். அதேபோலத்தான் நானும் ஓடவில்லை.

டெரிக் எங்கள் கோயில் பங்குப் பையன்தான், தச்சு வேலை செய்கிறான். அவுட்ஹவுஸ் கதவு தரையில் உரச ஆரம்பித்ததும் இழைத்துத் தரச் சொல்லி அவனைக் கூப்பிட்டேன். இழைத்தான். சில நாளில் மறுபடி உரசியது. இரண்டாவது முறை வந்தவன் இழைப்புளியை வெளியிலேயே எடுக்கவில்லை. ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்தான். அது உருண்டு போய் மூலையில் நின்றது.

"ஆன்ட்டி, கதவு மேல தப்பு இல்ல. ஃப்ரேமே எறங்கியிருக்கு. ரூமே எறங்குது. மோட்டர நிறுத்திட்டு ஒரு இன்ஜினியர கூப்பிடுங்க."

"நிறுத்தினா சந்துக்கு யாரு தண்ணி குடுப்பா? நீ குடுப்பியா?" என்றேன்.

"அந்தப் பொண்ண மட்டுமாவது வேற எடத்துக்கு அனுப்பிடுங்க, ஆன்ட்டி."

கதவை இழைத்துவிட்டுப் போ என்று சொன்னேன். இழைத்தான். போகிற போக்கில் அவனும் இரண்டு பக்கெட் பிடித்துக்கொண்டு போனான். அதை அவன் உங்களிடம் சொன்னானா?

குழாய் எழும்பவில்லை, தரைதான் இறங்குகிறது என்று அன்று எனக்குத் தெரியும். இங்கே வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். ஃபிட்டர் வீட்டில் வாழ்ந்தவள் நான். பாறை மேல் நிற்கிற இரும்பு வளராது என்று தெரியாமல் இருக்குமா? தெரிந்ததை நினைக்காமல் இருந்தேன். அது வேறு.

யோசித்துத்தான் முடிவு செய்தேன். அறையைக் காலி செய்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் யாராவது போய்ச் சொல்வார்கள். அதிகாரி வருவார், அறைக்குச் சீல் வைப்பார், போருக்கும் சீல் வைப்பார். சந்து முழுக்கக் காலிக் குடத்தோடு நிற்கும். ஒரு பக்கம் ஒரு பெண்ணின் தூக்கம். இந்தப் பக்கம் இத்தனை குடும்பம். நீங்கள் இந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க மாட்டேன். நீங்கள் வேறு மாதிரி சொல்வீர்கள். சொல்வது சுலபம்.

பிரபா போகத்தான் இருந்தாள். கூட வேலை பார்க்கும் பெண் மர்பி டவுனில் இடம் பார்த்திருந்தாள். ஒரு சாயங்காலம் என்னிடம் வந்து, ரொம்பத் தயங்கி, படுத்தால் கட்டில் ஒரு பக்கம் சாய்கிற மாதிரி இருக்கிறது, தலை சுற்றுகிறது, அதனால் மாறிக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன் என்றாள். நான் அழுதேன். பாசாங்கு இல்லை, நிஜமாகவே கண்ணீர் வந்தது. அவள் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

"அழாதீங்க ஆன்ட்டி," என்றாள். "மழை வர்ற வரைக்கும் இருக்கேன். சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன், போங்க."

கொஞ்சம் என்பதற்கான இந்த ஊர் வார்த்தையை அவள் சொன்ன விதத்தில் நான் சிரித்துவிட்டேன். அவள் கட்டில் காலுக்கு அடியில் மரக்கட்டை வைத்துச் சமப்படுத்திக் கொடுத்தேன். பார்த்தீர்களா, கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

நீங்கள் கேட்ட மாதா சொரூபத்தைப் பற்றி. என் பின்னறையில், அவுட்ஹவுஸோடு ஒட்டிய சுவரில், ஒரு மாடத்தில் வேளாங்கண்ணி மாதா இருந்தாள். என் அம்மா கொடுத்தது. கண்ணாடிக் கூடு. அந்த வாரம் அதை முன் ஹாலுக்கு மாற்றினேன். சுவரில் ஈரம், கூட்டில் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால். என் கட்டிலையும் முன் ஹாலுக்கு மாற்றியதும் ஈரத்தினால்தான். மழையே இல்லாத கோடையில் ஈரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. அந்தச் சுவரில் ஒரு விரல் நுழைகிற வெடிப்பு இருந்தது. போதுமா?

கடைசிக் காலை சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. கேப் வந்தது, பிரபா இறங்கினாள், எனக்கு இரண்டு கொய்யாக்காய் கொடுத்தாள். கதவைத் தோளால் தள்ளித் திறந்து உள்ளே போனாள். உள்ளேயிருந்து தள்ளி மூடும் சத்தம் கேட்டது. எட்டு மணிக்கு மேல் கரண்ட் வந்தது. வெளியே வரிசை ஏற்கெனவே வளைந்து மளிகைக் கடை வரை போயிருந்தது. நான் ஸ்டூலைப் போட்டு மோட்டரைப் போட்டேன்.

என் போன் அடித்தது. நைட்டிப் பையில் இருந்தது. மூன்று மிஸ்டு கால் என்று உங்கள் பேப்பரில் இருக்கிறது. கை ஈரமாக இருந்தது, அதனால் எடுக்கவில்லை என்று நேற்று சொன்னேன். கை ஈரமாக இருந்தது உண்மைதான். நைட்டியில் துடைத்துக்கொண்டிருக்கலாம். போனை எடுத்துப் பார்த்தேன், பிரபா என்று வந்தது. அடித்து முடிக்கட்டும் என்று திரும்ப உள்ளே போட்டேன்.

பிறகு தட்டும் சத்தம். அவுட்ஹவுஸ் கதவு என் ஸ்டூலிலிருந்து கை நீட்டினால் தொடுகிற தூரம். முதலில் விரலால் தட்டினாள், மரியாதையாக, எப்போதும் என் கதவைத் தட்டுவது போல. கதவு இறுகிக்கொண்டது, ஆன்ட்டி, தரை அசைகிறது, மோட்டரை நிறுத்துங்கள் என்றாள். கத்தவில்லை. போனில் பேசிப் பழகிய பெண், அழகாக, நிதானமாகச் சொன்னாள். இரண்டாவது முறை உள்ளங்கையால் தட்டினாள்.

வரிசையில் முதலில் நின்றது மங்களம். அவளுடைய முதல் குடம் நிறைந்திருந்தது. "என்னக்கா அது சத்தம்?" என்று கேட்டாள்.

"மோட்டர் சத்தம்," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்தாள். பிறகு இரண்டாவது குடத்தை ஹோஸுக்குக் கீழே வைத்தாள். இதை அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். ஷீட்டெல்லாம் உள்ளே போய், கதவும் கட்டிலும் பிரபாவும் போய், தூசி அடங்கிய பிறகு, குழியின் நடுவில் ஆம்ப்ரோஸின் குழாய் மட்டும் ஆடாமல் அசையாமல் பாறை மேல் நின்றது. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய்ச் செம்புக்கு அடியிலிருந்த பிரிமனையை எடுத்து வந்து எல்லார் எதிரிலும் தூக்கிப் பிடித்தாளே, அதை மட்டும் சொல்லியிருப்பாள். இரண்டும் ஒரே அகலம்தான். நான் மறுக்கவில்லை.

பிரபாவின் அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். வரும்போது பார்த்தேன். அவளுடைய ரைஸ் குக்கர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் என்னைக் கேட்டால் இதையே சொல்வேன். வருத்தம் இருக்கிறதா என்று நீங்கள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். பெண் போனது வருத்தம்தான். தண்ணீர் கொடுத்தது வருத்தம் இல்லை. அடுத்த கோடையும் வரும், மேடம், அப்போது சந்து முழுக்க மனசுக்குள் என் கேட்டுக்கு முன்னால்தான் நிற்கும்.

மூன்றாவது தட்டல் பலமாக இல்லை. நான் ஸ்விட்சில் கை வைத்திருந்தேன். ஒரு விரலை அசைத்திருந்தால் போதும். மங்களத்தின் இரண்டாவது குடத்தில் தண்ணீர் கழுத்துக்கு வந்திருந்தது, இன்னும் வாய் வரைக்கும் வரவில்லை. பாதிக் குடத்தோடு ஒருத்தியை அனுப்புகிற பழக்கம் எனக்கு இல்லை. வாய் வரை நிறைந்த பிறகுதான் மோட்டரை நிறுத்தினேன். நிறைந்ததா இல்லையா என்று மங்களத்தையே கேளுங்கள்.